சீனத்தி வைத்த சிவப்பு முட்டை

பினாங்கு
12-8-1951

மார்த்தாண்டத்தில் இருக்கும் தங்கச்சி ராகேலுக்கு, அக்காள் ஜெபகனி கர்த்தரின் பேரில் சொல்லும் தோத்திரம். கப்பலில் வாந்தியெடுத்தே பாதி உடம்பு போயிற்று. மீதி உடம்பு சுகம். நீ பார்த்தால் பொறாமைப்படுவாய், எனக்கு இடுப்பு தெரிகிறது.

மகள் ஞானத்துக்கு மாதம் நிறைந்துவிட்டது. முகம் தெளிவாயில்லை. முதல் பிள்ளையை வைத்த கல்லறைத் தோட்டம் நடக்கிற தூரம்தான் என்று மருமகன் குமாரதாஸ் சொன்னான். நான் போகவில்லை. அந்தப் பேறுக்கு நான் பக்கத்தில் இல்லை. இந்தத் தடவை வேறு எவளையும் கிட்டே அண்டவிடக் கூடாது என்றுதான் கப்பலேறினேன்.

இந்த ஊரில் எதையும் நம்புவதற்கில்லை, ஏட்டி. சந்தையில் தவளையைக் கட்டி வைத்து விற்கிறான், அதையும் பேரம் பேசி வாங்குகிறார்கள். பக்கத்து வீட்டு ஆ லான் என்ற சீனத்தி கால்சட்டை போடுகிறாள். பின்னாலிருந்து பார்த்து ஆண்பிள்ளை என்று முந்தானையை இழுத்து மூடினேன். திரும்பினால் என் வயதுக்காரி. அவள் மருமகள் உள்ளே பிள்ளை பெற்றுக் கிடந்தாள். ஒரு மாசம் குளிக்கவே விடவில்லையாம். நாம் வெந்நீரை அண்டா அண்டாவாக ஊற்றுகிறவர்கள், எனக்குக் கேட்கவே உடம்பு அரித்தது. போதாததற்கு என்னைக் கண்டால் சிரிப்பாள். என்னைப் பார்த்து அப்படிச் சிரித்தவள் நம் குடும்பத்தில் நீ ஒருத்திதான்; நீ சிரித்தால் எனக்கு ஒரு சேலை போகும்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் கதவைத் திறந்தால், வாசலில் ஒரு தட்டு. அவித்த முட்டைகள், ரத்தச் சிவப்புச் சாயம் பூசியவை, பக்கத்தில் இஞ்சித் துண்டு. நாம் வேதக்காரர், செய்வினையை நம்பக்கூடாது. அதைப் போதகரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். நிறைமாசக்காரி வீட்டு வாசலில் அப்படி வைத்தால் நீ சும்மா இருப்பாயா? ஒரு ஜெபம் பண்ணினேன். அதுவும் போதாமல் உப்பும் மிளகாயும் சுற்றி, முட்டைகளைச் சாக்கடையில் எறிந்தேன். தலையைத் தூக்கினால் அவள் ஜன்னலில் நிற்கிறாள். அன்றோடு சிரிப்பு நின்றது.

மருமகன் வந்து, ‘மாமி, அது அவ பேரப்பிள்ளை பொறந்து ஒரு மாசம் திகைஞ்சதுக்கு அக்கம்பக்கம் குடுக்கது. நாம ஞானஸ்நானத்துக்குச் சாப்பாடு போடுகோம்லா, அது மாதிரி’ என்று தலையில் அடித்துக்கொண்டான். அவன் துறைமுக வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவான். பகலில் வலி எடுத்தால் வண்டி பிடிக்க எனக்கு வழியும் தெரியாது, பாஷையும் தெரியாது. ‘எம்மா, இருந்த ஒரு ஆளையும் வெரட்டிட்டியே’ என்று ஞானம் அழுதாள்.

நேற்று நம் கருப்பட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். வாங்கினாள், மோந்து பார்த்தாள், ஒரு துண்டு உடைத்து முதலில் என் வாயில் போட்டாள். என்னையே சந்தேகப்படுகிறாள், ஏட்டி. கோபம் வரவேண்டிய இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. நானும் அப்படித்தான் செய்திருப்பேன். நான் விழுங்குகிறவரை தொண்டையையே பார்த்து நின்றாள். பிறகுதான் அவள் தின்றாள்.

தின்றுவிட்டு என்னோடு வந்து ஞானத்தின் வயிற்றில் கை வைத்தாள். அமுக்கி அமுக்கி வெகுநேரம் பார்த்தாள். சிரிக்கவில்லை. என்ன கண்டாள் என்று எனக்குத் தெரியாது. போகும்போது இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரைத் தட்டிக் காட்டினாள். ‘தட்டு, வருகிறேன்’ என்று அர்த்தமாக இருக்கலாம். வேறென்னவாகவும் இருக்கலாம். இன்று ஞானத்தின் கட்டிலை அந்தச் சுவரோரம் இழுத்துப் போட்டேன்.

பெண்கள் ஜெபக்கூட்டத்தில் ஞானத்தின் பேரைச் சொல். மற்றதைச் சொல்லாதே. பிள்ளைக்குச் சட்டை தைத்து அனுப்புவதாக எழுதியிருந்தாய். துணி எடுத்து வை. கத்தரி வைக்காதே. நான் எழுதின பிறகு வெட்டினால் போதும்.

கர்த்தர் உன்னையும் உன் வீட்டாரையும் காப்பாராக.

உன் அக்காள்
ஜெபகனி