உன் வாயில் இல்லாத பல்

என் கண்ணே தனம்,

கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் எரிந்து பிள்ளைகள் போனது ஆடியில். கடல் ஊருக்குள் புகுந்தது மார்கழியில். இரண்டுக்கும் நடுவில், ஐப்பசி அடைமழையில், உன் புருஷன் கையால் நீ செத்தாய். எனக்கு எழுத்து தெரியாது. வருஷங்களை இப்படித்தான் பிடித்து வைத்திருக்கிறேன். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் உன் மகள் பவானி. அன்று கைக்குழந்தை. இன்று அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகிறாள்.

நீ செத்த மறுநாள் பேப்பரில் வந்ததை டீக்கடையில் ஒருவர் சத்தமாகப் படித்தார். கள்ளக்காதலாம். உன் கொழுந்தன் ஸ்டேஷன் வாசலில் சொன்னதாம். கொன்றவனுக்கு ஒரு வரி. மிச்சமெல்லாம் நீ கெட்டவள் என்று. மேனாம்பேட்டில் நம் வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை கேட்டவர் இல்லை. நான் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டரிலிருந்து உன் முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

அதெல்லாம் மக்கிப் போயிருக்கும் என்றிருந்தேன். போன மாசம் பக்கத்து வீட்டு ஏழுமலை செல்போனை நீட்டினான். அவன் இங்கே குடிவந்து நாலைந்து வருஷம்தான். நம் வீட்டில் மாலை போட்ட உன் படத்தைப் பார்த்திருக்கிறான்.

"அண்ணாத்தே, இத்தப் பாரு. உம்பொண்ணு பேசிக்கினு கீது."

"செத்தவ எங்கடா பேசுவா?"

"அங்கயும் டவர் வச்சிட்டானுங்க போல."

சிரித்தவன் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

நீதான். அதே போஸ்டர் படம். ஆனால் கண்ணை இமைத்தாய். தலையைச் சாய்த்தாய். "நான் தவறு செய்துவிட்டேன். என்னை மன்னித்துவிடுங்கள் அப்பா" என்றாய். நீ என்றைக்கு என்னை அப்பா என்றாய்?

பிறகு சிரித்தாய், தனம். முழுப் பல்வரிசை!

பவானிக்குப் பெயர் வைத்தபோது எடுத்த படம் அது. உன் முன்பல்லை உன் புருஷன் அதற்கு முன்பே உடைத்திருந்தான். ஸ்டூடியோக்காரர் சிரிக்கச் சொன்னார். "வாணாம் நைனா, அசிங்கமா கீது" என்று உதட்டை மூடிக்கொண்டாய். நீ அடி வாங்கியதற்கு இருந்த ஒரே சாட்சி அந்த ஓட்டை. அதையும் அடைத்துவிட்டார்கள்.

கம்ப்யூட்டர்தான் பேச வைக்கிறதாம். அதைப் போட்ட யூடியூப் சேனலுக்குப் பவானி போன் செய்தாள். "பழைய பேப்பர்ல இருந்ததத்தாம்மா போட்டோம்" என்றார்கள். அந்த வீடியோவை நீக்கவில்லை. புகார் கொடுக்கலாம் வா என்றேன். அவள் எழுந்திருக்கவில்லை.

"பொய்யின்னு தெரியும் தாத்தா. ஆனா எங்கம்மா வாய் அசையறத நான் பாத்ததே இல்லியே."

சமைக்கும்போதும் அதை ஓட விடுகிறாள். நான் வாசலில் உட்கார்ந்திருந்தால், அடுப்பங்கரையில் நீ மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்கிறாய். நேற்று அவள் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். செல்போனில் கேட்கிற அதே குரல், அதே இழுப்பு. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இதை நான் சொன்னபோது அவள் பேனா நின்றது. பிறகு எழுதினாள்.

அவளைக் கூட்டிக்கொண்டு போய்ப் புகார் கொடுப்பேன், தனம். அந்தப் பொய் இறங்கும்வரை விடமாட்டேன். அதுவரை தினமும் நீ பேசியதை நீ பேசியபடியே அவளுக்குச் சொல்வேன். குழாயடியில் நீ போட்ட சண்டையை. தூளியை ஆட்டிக்கொண்டே "இன்னாடி முழிக்கிற, தூங்கு" என்று அவளை அதட்டியதை.

உன் அம்மா போய்விட்டாள். உன் கொழுந்தனும் போனான். உன் புருஷன் ஜெயிலிலேயே முடிந்தான். தெருவில் பழைய ஆட்கள் யாரும் இல்லை. உன் நிஜக் குரலைக் காதில் வைத்துக்கொண்டு இன்னும் உயிரோடு இருப்பது,

உன் நைனா
முனுசாமி