சேவையில் சேராத இரண்டு வருடங்கள்

கிள்ளான், மலேசியா,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள உங்களுக்கு,

நான் நர்ஸ் வேலையை விட்டுவிட்டு கத்தாருக்கே வந்துவிட வேண்டும் என்று நீங்கள் அனுப்பிய விருப்ப ஓய்வுப் பாரத்தை எடுத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி அலுவலகத்துக்குப் போனேன். அங்கே கிளார்க் கோமதி அக்கா என் ஃபைலைப் புரட்டிப் பார்த்தார்.

"சைன் பண்ணிடாத லா. புருஷன் கூட இருக்கணும்னு ரெண்டு வருஷம் சம்பளமில்லா லீவு எடுத்தியே, அது சர்வீஸ்ல சேராது. பத்து வருஷம் ஆச்சுன்னு நீ நெனைக்கிற, இங்க எட்டுதான் இருக்கு. பத்து முழுசா முடியாம இப்பப் போனா பென்ஷன் கிடையாது."

நேற்று போனில் இதைச் சொன்னபோது நீங்கள் சிரித்தீர்கள். "நான் இருக்கேன், உனக்கு எதுக்கு பென்ஷன்?" என்றீர்கள். மகள் பக்கத்தில் இருந்ததால் நான் பதில் பேசவில்லை.

கத்தாரில் உங்களோடு இருந்த அந்த இரண்டு வருடமும் நீங்கள் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. என் பாஸ்போர்ட்கூட உங்கள் அலமாரியில் பத்திரமாகத்தான் இருந்தது. அப்பா இறந்த செய்தி வந்த அன்று, அலமாரிச் சாவியோடு நீங்கள் வேலை முடிந்து திரும்பும்வரை நான் வாசற்கதவருகே உட்கார்ந்திருந்தேன். இங்கே வந்து சேர்ந்தபோது தகனம் முடிந்திருந்தது. அதைப் பற்றி நாம் இதுவரை பேசியதே இல்லை.

பாரத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. நாளைக் காலை ஏழு மணிக்கு எனக்கு டியூட்டி. டிக்கெட் எடுக்க வேண்டாம்.

மகளைப் பார்க்க எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். இன்னும் இரண்டு வருடம் கழித்தாவது வருவாயா என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் இந்த முறை பதில் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா