கரண்ட் போன மூன்று நாட்கள்

சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையை இரண்டு தரம் தோய்த்துவிட்டேன். இன்னும் புகை மணக்கிறது, கைப்பக்கம் கொஞ்சம் கூட. இன்று காலை அதைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் நின்றபோது, பொருளாதாரத் தடைக் காலத்தில் உன் சேலையில் வந்த மணம் அப்படியே மூக்கில் ஏறியது. அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் எல்லோர் சேலையும் அப்படித்தான் மணத்தது. உன்னுடையது மட்டும் ஒரு பிடி கூடுதலாக மணக்கும். அடுப்பை ஊதும்போது உனக்குப் பொறுமை கிடையாது. முகத்தையே அடுப்புக்குள் கொண்டுபோவாய்.

நீ கண்ணை மூடி இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. இத்தனை நாளும் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுதத் துணிவில்லை என்பதுதான் உண்மை. இந்தக் கிழமை அந்தத் துணிவு வந்துவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் தெற்கிலிருந்து காற்று கிளம்பியது. ஒக்லாந்தில் பனி கொட்டுவதில்லை என்று நாம் ஊருக்குக் கடிதம் எழுதியபோதெல்லாம் பெருமையாக எழுதுவோம், நினைவிருக்கிறதா? அன்று கொட்டியது ஆலங்கட்டி. ஒடாஹுஹு புறநகரில் இருக்கும் என் பழைய மரவீட்டின் தகரக் கூரையில் அது விழுந்த சத்தத்தில் வானொலியில் பேசியவரின் குரல் கேட்கவில்லை. பின்வாசல் படிகள் பால்கட்டி போல வெள்ளையாகி, பிறகு கண்ணாடி போல வழுக்கத் தொடங்கின. நாலு மணிக்குத் தெருமுனையில் ஒரு மரம் கம்பிகளின் மேல் சரிந்தது. ஒரு பெரிய வெடிச் சத்தம். அதோடு தெரு முழுவதும் கரண்ட் போய்விட்டது.

நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? தலையை அவிழ்த்து, சீவி, முடிந்தேன்.

சிரிக்காதே. நாம் இருந்த கொன்வென்ற் விடுதியில் இடி மழையில் விளக்கு அணைந்த போதெல்லாம் சின்னப் பிள்ளைகள் குழறுவார்கள். சிஸ்டர் மெழுகுதிரியோடு வந்து, அழுகிறவளை அணைக்க மாட்டார். சீப்பை எடுத்துக் கையில் கொடுப்பார். அதை நீ பிறகு ஆயுள் முழுவதும் அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாய்: "தலை குழம்பினால் புத்தி குழம்பும்." ஷெல் விழுந்த நாட்களில்கூட, பதுங்கு குழிக்குள் போகும் முன் சீப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடியவள் நீ ஒருத்திதான்.

தலையை முடிந்த பிறகு எல்லாம் தானாக நடந்தது. கூடத்து இரும்பு விறகடுப்பை மூட்டினேன். இரண்டு வருடமாக என் மகன் அதைக் கழற்றிவிட்டு, கரண்டில் சூடாக்கும் ஹீட் பம்ப் போட வேண்டும் என்று நிற்கிறான். நான் விடவில்லை. மற்ற அறைகளின் கதவுகளைச் சாத்தி, நடைவழிக்குக் குறுக்கே ஒரு போர்வையைத் தொங்கவிட்டேன். பானைகளில் தண்ணீர் பிடித்தேன். அடுப்பின் தட்டையான மேற்பக்கத்தில் சட்டியை வைத்துக் கஞ்சி காய்ச்சினேன். அவசரப்படாத அடுப்பு அது. அரிசி கரைய இரண்டு மணி நேரம் எடுத்தது. எனக்கு வேறு எங்கே போக வேண்டியிருந்தது?

பிறகுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். கைத்தொலைபேசியை அணைத்து, இழுப்பறைக்குள் வைத்தேன்.

உனக்கு இது விளங்கும். வேறு யாருக்கும் விளங்கவில்லை. ஐந்து வருடம் கரண்ட் இல்லாமல் இருந்த ஊரில் பற்றரி என்றால் என்ன என்று உனக்குத் தெரியும். செய்தி முடிந்த மறுநிமிடம் வானொலியிலிருந்து பற்றரிகளைக் கழற்றி, வெயிலில் காய வைப்பாய். அவையும் செத்துப்போன பிறகு, உன் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவிலிருந்து வானொலிக்கு வயர் இழுத்து, பெடலைக் கையால் சுற்றினாய். பௌதிகவியல் படிப்பித்தவள் என்பது அன்றுதான் எங்கள் ஒழுங்கை வீடுகளுக்கெல்லாம் பிரயோசனப்பட்டது. நீ சுற்ற, நான் கொப்பியோடு இருந்து செய்தியைக் குறித்தேன். செய்தி முடிந்ததும் "போதும், நிற்பாட்டு" என்பேன். நீ நிற்பாட்ட மாட்டாய். "உன்ரை செய்திக்கு கால் மணித்தியாலம் சுத்தினனான். என்ரை பாட்டுக்கு ரெண்டு நிமிசம் பொறடி" என்பாய். வியர்த்து வழிய வழிய ஒரு பாட்டு.

அந்தப் பழக்கம்தான் என் கையை இழுப்பறைக்குக் கொண்டுபோனது. ஆறு மணிக்கு ஒருமுறை போட்டுப் பார்த்தேன், சிக்னல் இல்லை. அணைத்துவிட்டேன். வீட்டுத் தொலைபேசி இப்போதெல்லாம் கரண்ட் இல்லாமல் வேலை செய்யாது. எங்கள் காலத்தில் ஒருத்தியிடமிருந்து சத்தம் இல்லை என்றால் அவள் அடுப்படியில் இருக்கிறாள் என்று அர்த்தம். என் மௌனத்தைக் கேட்டுக்கொண்டு என் மகன் பிளாட் புஷ்ஷில் தன் வீட்டில் விழித்திருப்பான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. வயிறு நிறையக் கஞ்சி குடித்து, அடுப்பின் முன்னால் சாய்வு நாற்காலியில் நன்றாக நித்திரை கொண்டேன். அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை எட்டு மணி இருக்கும். பின்பக்கக் கொட்டிலில் விறகு எடுத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. கள்ளன் என்று நினைத்து, ஒரு நல்ல தடியாகப் பார்த்து எடுத்துக்கொண்டு வந்தேன். என் மகன், ஐம்பத்து மூன்று வயதுக்காரன், உடுப்புத் தோய்க்கும் அறை ஜன்னலுக்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு "அம்மா! அம்மா!" என்று கத்திக்கொண்டிருந்தான்.

"என்னடா செய்யிறாய்?" என்றேன்.

திரும்பிப் பார்த்தான். என்னையும் பார்த்தான், தடியையும் பார்த்தான். அவன் முகத்தை உனக்கு எப்படி எழுதுவது? ஐந்து வயதில் நல்லூர்த் திருவிழாவில் தொலைந்து, திரும்பக் கிடைத்தபோது வைத்திருந்த அதே முகம்.

"எங்கை போனனீங்கள்? மணியை அடிச்சன், கதவைத் தட்டினன்..."

"கரண்ட் இல்லாமல் மணி எப்பிடி அடிக்கும்? கண்ணாடியை எதாலை உடைச்சனீ?"

"ஸ்பானராலை. அம்மா, நேற்று ஐஞ்சு மணியிலயிருந்து அடிக்கிறன். போன் ஓஃப். மூண்டு தரம் வெளிக்கிட்டனான். மூண்டு தரமும் மரம் விழுந்து ரோட்டு மறிச்சிருந்தது. ஏன் போனை நிப்பாட்டினனீங்கள்?"

"பற்றரி மிச்சம் பிடிச்சனான்."

"என்னத்துக்கு மிச்சம்? நான் அடிச்சா எடுக்கத்தானே அம்மா போன்!"

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கை வா" என்றேன்.

அடுப்பின் முன்னால் இருத்தி, சூடான கஞ்சி கொடுத்தேன். கோப்பையைக் கீழே வைத்ததும், பல மாதமாக மனதில் எழுதி வைத்திருந்ததை வாசிப்பவன் போலச் சொல்லத் தொடங்கினான்.

"இனி இஞ்சை தனிய இருக்க ஏலாது. வீட்டை விப்பம். எங்கடை கீழறை உங்களுக்குத்தான். எல்லாம் ஓட்டமெற்றிக், ஒரு பட்டனை அமத்தினா சரி."

"இப்ப உங்கடை வீட்டிலை கரண்ட் இருக்கே?"

"இல்லை."

"பிள்ளையள் என்ன சாப்பிட்டவை?"

"பிஸ்கற்."

நான் அடுப்பைப் பார்த்தேன். அவனுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் விழுங்கிவிட்டான். "அது கதையில்லை அம்மா. கரண்ட் எங்கையும் போகும். நீங்கள் செத்துக் கிடக்கிறியள் எண்டு நினைச்சு ஒரு இரவு முழுக்க இருந்தனான். அதுதான் கதை."

அவன் சொன்னதில் பிழை இல்லை. நீயும் நானும் பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்தியது போலச் சொல்வதென்றால், முழுப் புள்ளி. ஆனால் அவன் அதோடு நிறுத்தவில்லை. "அன்ரியைப் பாருங்கோ. சொன்னவுடனை போனவா. நல்லாத்தானே இருந்தவா?" என்றான்.

அன்ரி என்று அவன் சொன்னது உன்னை.

எப்சமில் நீ இருந்த வீட்டின் சமையலறை மேசைக்கு இனி நான் வந்தே ஆக வேண்டும். நீ குளியலறையில் ஒருமுறை விழுந்து எழும்பிய மாதம் அது. கை மட்டும்தான் அடிபட்டுக் கறுத்திருந்தது. உன் மகள் வீடு விற்கும் பத்திரத்தையும் முதியோர் இல்லத்தின் படங்கள் போட்ட புத்தகத்தையும் மேசையில் விரித்திருந்தாள். நல்ல பிள்ளை, உன்மேல் உயிர். நீ பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய். "நீ என்னடி சொல்லுறாய்?" என்றாய்.

அறுபது வருடச் சிநேகிதத்தில் நீ என்னிடம் அபிப்பிராயம் கேட்டது அந்த ஒரு தரம்தான். எப்போதும் நீ செய்துவிட்டுத்தான் சொல்வாய்.

நான் நியாயமாகப் பேசினேன். வயது, படிகள், பிள்ளைகளின் நிம்மதி என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். "போவதுதான் புத்தி" என்றேன். நீ கையெழுத்துப் போட்டாய்.

இல்லத்தில் உனக்குத் தந்த அறைக்குக் கிழமைக்கு இரண்டு தரம் பஸ்ஸில் வந்தேன். நல்ல சுத்தம், நல்ல பெண்கள். கோடையிலும் மாரியிலும் ஒரே சூடு. ஜன்னல் ஒரு சாண் அளவுக்கு மேல் திறக்காது. தண்ணீர் சுட வைக்கும் கரண்ட் கேற்றில் ஒன்றை வைத்திருக்க விடமாட்டார்கள், ஆபத்தாம். சைக்கிளிலிருந்து கரண்ட் எடுத்தவளுக்குத் தண்ணீர் கொதிக்க வைக்க அனுமதி இல்லை. ஒரு நாள் நீ மடியில் வெறுமனே கிடந்த கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாய்: "இஞ்சை எனக்குச் செய்ய ஒண்டும் இல்லையடி." குற்றம் சாட்டவில்லை. தகவல் சொன்னாய். நான் பேச்சை மாற்றினேன்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. புதன்கிழமை காலை என் மகனிடம் சொன்னேன்.

"அன்ரி நல்லா இருக்கேல்லை. போகச் சொன்னது நான்."

"நீங்களே?"

"ஓம். அவ வேண்டாம் எண்டு சொல்லத்தான் என்னைப் பாத்தவ. நான் விளங்காத மாதிரி இருந்திட்டன்."

அவன் அடுப்புக் கதவைத் திறந்து ஒரு கட்டையை உள்ளே தள்ளினான், ஏதோ கையால் செய்ய வேண்டும் போல.

"போன் விசயத்திலை பிழை என்ரை. அதுக்கு மன்னிப்புக் கேக்கிறன்" என்றேன். அவனிடம் நான் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவனுக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. "காலமையும் பின்னேரமும் நானே உனக்குப் போன் எடுப்பன். முன்கதவுத் திறப்பு ஒண்டு உன்னட்டை இருக்கட்டும், இனிக் கண்ணாடி உடைக்க வேண்டாம். ஆனால் வீடு வேறை விசயம். வீட்டைப் பற்றி இனிக் கதைக்காதை."

"விழுந்தியள் எண்டால்?"

"விழுந்தால் என்ரை வீட்டிலை விழுறன்."

"சரியான பிடிவாதக்காரி நீங்கள்."

"உன்ரை அப்பாவும் அதைத்தான் சொன்னவர். முப்பத்தெட்டு வருசம் சொன்னவர்."

சம்மதித்தான் என்று சொல்ல மாட்டேன். கொட்டிலில் இருந்த பலகை ஒன்றை அளந்து வெட்டி, உடைந்த ஜன்னலுக்கு அடித்தான். சாய்வாக அடித்தான். கழற்றி மறுபடி நேராக அடிக்கச் சொன்னேன், முணுமுணுத்துக்கொண்டே அடித்தான். போகும்போது மிச்சக் கஞ்சியைப் பிள்ளைகளுக்கென்று பெரிய போத்தலில் ஊற்றிக்கொண்டு போனான். கரண்ட் வெள்ளிக்கிழமை பிற்பகல்தான் வந்தது. வந்தபோது நான் அடுப்பில் தேத்தண்ணீருக்குத் தண்ணீர் வைத்திருந்தேன். கேற்றிலுக்கு மாற்றவில்லை.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. கேட்டால் "விசர்க் கதை கதையாதை" என்று நீ சொல்லிவிடுவாய், அது எனக்குச் சுகமாகப் போய்விடும். எனக்கு அந்தச் சுகம் வேண்டாம். அந்த மேசையில் நீ என்னைப் பார்த்த பார்வை என்னோடு இருக்கட்டும். அன்று உனக்காக நான் சொல்லியிருக்க வேண்டிய ஒரு "மாட்டேன்" என் வாயிலேயே தங்கிவிட்டது. இந்தக் கிழமை அதைச் சொல்லிவிட்டேன். உன் குரலில் சொன்னேன் என்று நினைக்கிறேன், ஏனென்றால் என் குரல் அவ்வளவு உரக்க வராது. இனிக் கேட்கிற ஒவ்வொருவருக்கும் அதையே சொல்வேன், மகனானாலும் டொக்டரானாலும்.

இன்று காலை விறகு விற்கிறவருக்குத் தொலைபேசி எடுத்தேன். மூன்று நாளில் கொட்டிலில் விறகு பாதியாகிவிட்டது. புயலில் விழுந்த மரங்களை வெட்டிக் குவித்திருக்கிறாராம், ஆனால் எல்லாம் பச்சை. "காய ஒரு வருடம் எடுக்கும் மேடம், இந்தக் குளிருக்கு உங்களுக்கு உதவாது" என்று ஆங்கிலத்தில் மரியாதையாக எச்சரித்தார்.

எனக்கு எண்பத்தொரு வயது. இரண்டு லோட் கொண்டுவந்து இறக்கச் சொன்னேன்.