மேஜருக்குப் பத்து நாள்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலிருந்து தூறல். மேத்ஸ் டெஸ்ட் தள்ளிப் போனது. சாயங்காலம் நாலரைக்கு எங்கள் நாய் மேஜர் என்னைக் கடித்தது.

இடது கை, முழங்கைக்குக் கீழே. ரெண்டு ஓட்டை, ஒரு நீளக் கீறல். பாத்ரூமில் துணி சோப்பு போட்டுக் கழுவினேன். பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும் என்று ஸ்கூல் சுவரில் ஒரு போஸ்டர் உண்டு. கடிகாரம் உள்ளே இல்லை, அதனால் தொள்ளாயிரம் வரை எண்ணினேன். அறுநூற்றுச் சொச்சத்தில் விட்டுப் போய் மறுபடி ஐநூறிலிருந்து.

அம்மா கார்மெண்ட்ஸிலிருந்து ஏழு மணிக்கு. நான் ஸ்வெட்டரில்.

"இன்னாடி, குளுருதா?"

ஆமாம் என்றேன்.

சொல்ல முடியாததற்குக் காரணங்கள்:

1. கரி ரூம் கதவைத் திறக்கக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. திறந்தது நான்.
2. இன்னொரு ஆளைக் கடித்தால் அன்றோடு அதை முடித்துவிடுவேன் என்று ஜூனிலேயே சொல்லிவிட்டார்.
3. சொன்னால் அது நிஜமாகிவிடும்.

சோசியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறேன். போர்வைக்குள், பழைய போனின் டார்ச். அம்மா புரண்டு படுக்கிறாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தூறல் நின்றது. காற்று. கை கனக்கிறது.

ஒழுங்காக எழுத வேண்டும். எனக்கு ஏதாவது ஆனால் யாராவது படித்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

நாங்கள் இருப்பது ஸ்கெலட்டன் ஏரியாவில், மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் பழைய மைன்ஸ் லைன், அதாவது தொழிலாளர் வரிசை வீடு. அப்பா விடியக்காலை டிரெயினில் பெங்களூர் போய் ராத்திரி ஒன்பதரைக்கு வருவார். பகல் முழுக்க வீடு காலி, இருட்டிய பிறகு நானும் அம்மாவும் மட்டும். லைனில் ஆள் இல்லாத வீடுகளில் ஜன்னல், கதவு, குழாய் எல்லாம் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். போன வருஷம் நாங்கள் உள்ளே தூங்கும்போதே எங்கள் பின்கதவையும் நெம்பினார்கள். அதன் பிறகுதான் அப்பா நந்திதுர்க்கில் ஒருவரிடமிருந்து குட்டி வாங்கி வந்தார். கறுப்பு, மார்பில் வெள்ளை. அன்று என் மடியில் மூத்திரம் போனது.

மறுநாளே கரி ரூமில் போட்டார். வீட்டுக்குப் பின்னால், ஜன்னல் கிடையாது.

தாத்தா அண்டர்கிரவுண்டில் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை பார்த்தவர். மேலே பாறை முனகும் சத்தத்தை முதலில் கேட்பவன்தான் உயிரோடு கேஜ் ஏறி மேலே வருவான் என்பாராம். "வெளிச்சத்துல வளந்தவன் காதுக்கு அது கேக்காது." அதை அப்பா நாய்க்குப் பொருத்திவிட்டார். இருட்டில் வளர்ந்தால் காது கூர்மை, கோபம் கூர்மை. டிரெயினுக்குக் கிளம்பும் முன் தடியால் தள்ளி உள்ளே பூட்டுவார், ராத்திரி வந்து பின்பக்கம் அவிழ்த்து விடுவார். பதினாலு மாசம். பகல் என்று ஒன்று இருப்பது மேஜருக்குத் தெரியாது. அப்பாவையும் தெரியாது, தடியை மட்டும் தெரியும். ரெண்டு முறை அப்பா மேலேயே பாய்ந்தது.

சாயங்காலம் சோறு வைப்பது நான். கதவுக்கடியில் கரி வாருகிற ஓட்டை வழியாகத் தட்டைத் தள்ளுவேன். சில நாள் மூக்கு வெளியே வரும். நேற்று உள்ளே அழுதுகொண்டே இருந்தது. மேகம் போட்டிருக்கிறதே, இந்த வெளிச்சம் கண்ணைக் குத்தாது, கொஞ்சம் பார்க்கட்டும் என்று தாழ்ப்பாளை எடுத்தேன். கழுத்துச் சங்கிலி சுவர் வளையத்தில்தான் இருந்தது. எவ்வளவு நீளம் என்று நான் பார்க்கவில்லை.

அது கண்ணை மூடிக்கொண்டேதான் கடித்தது.

ஏழாம் நம்பர் வீட்டு அங்கிள் இன்று குழாயடியில்: "உங்க மேஜர் எந்த ரெஜிமெண்ட்மா? ஜூன்ல என் பேண்ட்ட கிழிச்சதுக்கு இன்னும் மெடல் வரல?" எல்லோரும் சிரித்தார்கள். நானும். கை ஸ்வெட்டருக்குள்.

வெறி பிடித்தால் தண்ணீர் இறங்காதாம். ஒவ்வொரு பீரியட் முடிந்ததும் தண்ணீர் குடித்துப் பார்க்கிறேன். ஏழு முறை. ஏழும் இறங்கியது.

ஆகஸ்ட் 6, புதன்

வெயில். தண்ணீர் ஒன்பது முறை.

ஸ்கூல் விட்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். வெளியே ஒரு எருமை, மடி வீங்கி. டாக்டர் மேடம் சின்ன வயசு. கன்னடத்தில்தான் பேசினார், தமிழில் எழுதுகிறேன்.

என் ஃப்ரெண்டு வீட்டு நாய் என்று ஆரம்பித்தேன். இருட்டு ரூம், தடி, அழுகை எல்லாம் சொன்னேன். ஏன் இப்படி இருக்கிறது, திருத்த முடியுமா, மருந்து உண்டா.

"நாய்க்கு ரேபிஸ் ஊசி போட்டிருக்கா?"

"தெரியாது மேடம்."

"அப்ப போடல." கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "இந்த வெயில்ல எதுக்கு ஸ்வெட்டர், புட்டா?" புட்டா என்றால் கன்னடத்தில் கண்ணு மாதிரி.

நான் தரையைப் பார்த்தேன்.

"என்னைக்கு?"

"திங்கக்கிழமை."

கோபப்படுவார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்து என் எதிரே போட்டு உட்கார்ந்தார். நாயைப் பற்றிப் பிறகு பேசலாம், இப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ, இன்றைக்கே அம்மாவிடம் சொல், தண்ணீர் இறங்காமல் போனால் அப்புறம் எந்த டாக்டராலும் முடியாது என்றார். அம்மா நம்பர் கேட்டார். தப்பாகக் கொடுத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை.

கிளம்பும்போது நாயைப் பற்றியும் மூன்று வரி எழுதிக் கொடுத்தார்:

தினம் கொஞ்சம் வெளிச்சம், சங்கிலி குட்டையாக.
தடி, பெல்ட் கூடாது.
பூட்டுகிற ஆளே சோறு வைக்க வேண்டும். முதுகு காட்டி உட்கார வேண்டும், கண்ணைப் பார்க்கக் கூடாது.

"அது கெட்ட நாயில்ல. பயந்த நாய். ஆனா பயந்த நாய்தான் அதிகமா கடிக்கும்."

ராத்திரி சொல்லவில்லை. அம்மாவுக்குத் தலைவலி, சீக்கிரம் படுத்துவிட்டாள். படுக்காவிட்டாலும் சொல்லியிருப்பேனா.

ஆகஸ்ட் 7, வியாழன்

சொல்லிவிட்டேன்.

காலையில் ரசம் தொண்டையில் நின்ற மாதிரி இருந்தது. ஒரு செகண்டுதான். பிறகு இறங்கியது. அந்த ஒரு செகண்டில் ஸ்வெட்டரைக் கழற்றி அம்மா முன்னால் கையை நீட்டினேன்.

அம்மா அடிக்கவில்லை. அடுப்பை அணைத்தாள். கீழே உட்கார்ந்தாள். எழுந்து புடவை மாற்றினாள். ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரி.

முதல் ஊசி வழக்கமான இடத்தில் இல்லை, காயத்துக்குள்ளேயே போட்டார்கள். ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும். அது வேறு மருந்தாம். அதற்கு மேல் தோளில் ஒன்று. இன்னும் நாலு. இதுவரை கத்தாதவள் அங்கே கத்தினேன்.

நர்ஸ் அம்மாவிடம்: "இன்னா மா, மூணு நாளா நீங்க பாக்கலியா?" அம்மா முகம். அதை எழுத மாட்டேன்.

பிறகு நர்ஸ் சொன்னது: கடித்த நாளிலிருந்து பத்து நாள் நாயைக் கட்டிப் பார்க்க வேண்டும். பத்து நாள் தாண்டி நன்றாக இருந்தால் கடிக்கும்போது அதற்கு வெறி இல்லை. "அதுவரைக்கும் அடிச்சிப் போட்றாதீங்க, எங்கியும் கொண்டுபோய் விட்றாதீங்க." திங்களிலிருந்து எண்ணினால் பதினாலாம் தேதி.

அப்பா வந்ததும் அம்மாவே சொன்னாள். என் கையில் இருந்த கட்டைப் பார்த்தார். தடியை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். அம்மா குறுக்கே நின்று, "பத்து நாள். டாக்டர் சொல்லிக்கிறாங்க. அது செத்தா நம்ம பொண்ணு கதி இன்னான்னு தெரியாமப் பூடும்" என்றாள்.

அப்பா நின்றார். "பத்து நாளா?"

"பத்து நாள்."

தடியைச் சுவரில் சாய்த்தார். கதவைத் திறந்தது யார் என்று கேட்கக்கூட இல்லை. கேட்டிருக்கலாம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ரெண்டாவது ஊசி. லேசாக ஜுரம். மே. நன்றாகச் சாப்பிடுகிறது. (மேஜரை இனி மே. என்றே எழுதுகிறேன்.) இன்று ஆறாம் நாள்.

நாள் வேகமாகப் போக வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன், எனக்காக. போகக் கூடாது என்றும். பத்தாம் நாள் முடிந்தால் மே. கதை முடியும். சாமிக்கு எது கேட்டிருக்கும்.

மத்தியானம் தைரியம் வந்து மேடத்தின் மூன்று வரியை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"இருட்டுல இருந்தா பைத்தியம் புடிக்குமா? எங்கப்பன் முப்பது வருசம் அண்டர்கிரவுண்டு. யாரையாச்சும் கடிச்சாரா?"

அம்மா உள்ளேயிருந்து: "கடிக்கல. தட்டத் தூக்கி மூஞ்சில அடிச்சாரு. உங்க நெத்தித் தழும்பு எப்டி வந்துச்சுன்னு பொண்ணுக்குச் சொல்லுங்க."

அப்பா நெற்றியைத் தொடவில்லை. ஆனால் தொடாமல் இருக்கப் பாடுபட்டது தெரிந்தது.

மூன்று மணிக்கு அவரே கரி ஓட்டை வழியாகச் சங்கிலியை வெளியே இழுத்துக் குட்டையாக மாட்டினார். தாழ்ப்பாளை எடுத்தார். சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு முதுகு காட்டி உட்கார்ந்தார். நான் சமையலறை ஜன்னலில். மே. வெளியே வரவில்லை. நிலைப்படிக்கு உள்ளே நின்று நடுங்கியது, நின்ற இடத்திலேயே மூத்திரம் போனது. உறுமல். அப்பா திரும்பவில்லை, கழுத்துப் பின்னால் வியர்வை ஓடியது. அவருக்கும் பயம் என்று எனக்கு இன்றுதான் தெரியும்.

நாலேகாலுக்குத் தட்டில் நாக்கு படும் சத்தம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

எட்டாம் நாள். சயின்ஸ் ரெக்கார்ட் முடிக்கவில்லை, டீச்சர் கட்டைப் பார்த்து விட்டுவிட்டார்.

நேற்றும் இன்றும் அப்பா முந்தின டிரெயினைப் பிடித்து ஏழரைக்கே வந்தார். சூப்பர்வைசரிடம் என்ன பொய் சொன்னாரோ. பின்பக்கம் ஒரு பல்பு மாட்டி அதன் அடியில் முதுகு காட்டி உட்கார்கிறார். இன்று மே. அவர் சட்டையை முகர்ந்தது. கடிக்கவில்லை. அப்பா மூச்சே விடவில்லை.

நான் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தேன். எட்டரை மணி வரை.

எட்டரைக்கு ஏழாம் நம்பர் அங்கிளும் லைன் ஆட்கள் நாலு பேரும். உட்காரவில்லை.

"பாரப்பா, உன் பொண்ணையே கடிச்சிச்சு. நாளைக்கு எங்க வீட்டுக் கொழந்த."

"மாறிக்கினு வருதுண்ணா. கொஞ்சம் டைம் குடுங்க."

"நாயி மாறுமா? பதினாலு மாசமா ராத்திரியில தூக்கம் இல்ல எங்களுக்கு." அங்கிள் இன்று கிண்டல் பண்ணவில்லை. "டாக்டர் சொன்ன பத்து நாள் முடியட்டும். அதுக்கப்புறம் நீ அனுப்புறியா, இல்ல நாங்க சோத்துல மருந்து கலந்து வெச்சிறட்டுமா. நீயே சொல்லு."

அம்மா அவர்களுக்கு மறுப்பு சொல்லவில்லை. அவர்கள் போன பிறகு பூதிகோட்டைக்கு, தன் தம்பிக்குப் போன் போட்டாள். மாமாவுக்கு அங்கே தக்காளித் தோட்டம். பம்ப் மோட்டார் ரெண்டு தடவை திருட்டுப் போயிருக்கிறது. பொல்லாத நாய் ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

பத்தாம் நாள். மே. உயிரோடு. தண்ணீர் குடித்தது, நான் பார்த்தேன். எனக்கு மூன்றாவது ஊசி. டாக்டர் காயத்தைப் பார்த்து, இனி பயமில்லை, மிச்ச ஊசியை மட்டும் விடாமல் போட்டுக்கொள் என்றார். அம்மா ஆஸ்பத்திரி வாசலிலேயே அழுதாள். இத்தனை நாளாக அழாதவள்.

நான் சாகப் போவதில்லை. எழுதிப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம், மிட்டாய், பத்து மணிக்கு வீடு. அப்பாவுக்கு லீவு.

பதினொன்றுக்கு மாமா லக்கேஜ் ஆட்டோவோடு வந்தார். கோணி, கயிறு, வாய்க்குக் கட்ட ஒரு தோல் பட்டை. ஏழாம் நம்பர் அங்கிள் பின்பக்க வேலிக்கு அந்தப் புறம், கை கட்டிக்கொண்டு. போகிறதா என்று பார்க்க.

அப்பா கதவைத் திறந்தார். மே. கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே வந்தது. அப்பா உட்கார்ந்ததும் அவர் முதுகை ஒட்டிப் படுத்தது. பகல் வெளிச்சத்தில், எல்லோர் முன்னாலும்.

மாமா அதையே பார்த்தார்.

"இன்னாக்கா இது? கன்னுக்குட்டி மாதிரி படுத்துக்கினு கீது. போன்ல புலின்னியே."

அம்மா: "புலிதான்டா."

"இதுவா மோட்டார காக்கும்? திருடன் பிஸ்கட்டு போட்டா மோட்டாரோட இதுவும் பூடும். எனக்கு வேணாங்க்கா." கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார்.

அப்பா தலை நிமிரவில்லை. அது பொல்லாத நாய் என்று அவர் வாயால் வராது. அங்கிள் வேலியைப் பிடித்துக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தார். மாமா வெறும் ஆட்டோவோடு போனால் ராத்திரிக்குள் சோறு வரும், அதில் கலந்து.

"மாமா, அது சும்மா நடிக்குது," என்றேன். என் குரல் மாதிரியே இல்லை. "ஆளைப் பாத்தா பாயும். சோறு போடுற என்னையே கடிச்சது." கையை நீட்டிக் கட்டை அவிழ்த்தேன்.

மாமா என் கையைப் பிடித்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பரவால்லியே. ஆழமாதான் எறங்கிக்கிது." கயிற்றை மறுபடி பிரித்தார். "எப்டி வளத்தீங்க?"

அப்பா மே. காதைத் தடவிக்கொண்டிருந்தார். அதுவும் தடவ விட்டது.

"இருட்டு ரூம்ல மாமா. பகல்ல வெளியவே விடக் கூடாது. வெளிச்சம் பட்டா சாதுவாயிடும்."

"பம்ப் ரூம் கீது. கதவ சாத்துனா கும்மிருட்டு."

"அது போதும் மாமா," என்றேன்.