இழுபறி என்று சொல்லிவிட்டேன், அத்தான்

அன்புள்ள அத்தானுக்கு,

வாக்கு எண்ணிய அன்று காலை, தொண்ணூறடி ரோட்டுச் சாயாக்கடையில் பழக்கதோஷத்தில் பக்கத்துப் பெஞ்சைப் பார்த்து, “அத்தான், நம்ம வார்டு எப்படிப் போகுது?” என்று கேட்டுவிட்டேன். அங்கே இருந்த டாக்சிக்காரர் பாவ் ரொட்டியைச் சாயாவில் முக்கியபடியே, “மாலூம் நஹி, சாச்சா” என்றார், தனக்குத் தெரியாதாம். கடையே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். வேறென்ன செய்ய?

சட்டசபைத் தேர்தலோ, நடுவில் வரும் மாநகராட்சித் தேர்தலோ, எது யாருக்கு உறுதி, எது இழுபறி என்று அந்தப் பெஞ்சில்தானே நாம் கணக்குப் போடுவோம். நீங்கள் வாசலில் இருக்கும் தண்ணீர் டிரம்மைப் பார்ப்பீர்கள். காலையில் நிறைந்திருந்தால் ஆள் இருக்கிறது, ஓட்டு விழும். காய்ந்து கிடந்தால் குடும்பம் கோயில் கொடைக்குத் திருநெல்வேலி போயிருக்கும். இல்லையென்றால் வேறு பக்கம் வீடு மாறி, பட்டியலில் பெயர் மட்டும் இங்கே இருக்கும்.

நான் கொடியையும் கூட்டத்தையும் பார்த்துச் சொல்வேன். நான் ஜெயிப்பார் என்று சொன்ன ஒருவரும் ஜெயித்ததில்லை. போன தடவை ஒரு வேட்பாளர் வீடு தேடி வந்து, அண்ணாச்சி, என் பெயரை மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

இந்தத் தடவை நின்றது உங்கள் மகள் கனி. என் மகனும், “பப்பா, கனி மைனி விஷயத்துல நீங்க வாயத் தொறக்காதீங்க” என்றான்.

திறக்கவில்லை. டிரம் மட்டும் பார்க்கப் போனேன். நம் சந்தில் பாதி காய்ந்து கிடந்தது. பயந்துபோய், வீடு மாறியவர்களைத் தேடி ஆண்டாப் ஹில்லுக்கு பஸ் ஏறினேன். அவர்களோ ஓட்டுப் போடும் நாளுக்கு அரைநாள் லீவு சொல்லி, தாங்களாகவே டெம்போ பேசி வைத்திருந்தார்கள். “கனிக்குப் போடாம வேற யாருக்கு அண்ணாச்சி?” என்றாள் இட்லிக்கார மாரி. “குழாய்த் தண்ணி வராதப்போ எங்களுக்காகச் சண்ட போட்டது அவதான?”

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தேன். மூக்கில் குழாயோடு கேட்டீர்கள்: “மாப்ளே, பிரியத்த ஒதுக்கி வச்சிட்டுச் சொல்லு. பிள்ள தேறுவாளா?”

“இழுபறிதான், அத்தான்.”

“ம்” என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். வாக்குப்பதிவுக்கு முன்பே போயும் விட்டீர்கள். நான் ஜெயிப்பாள் என்றால் தோற்றுவிடுவாளோ என்று என் நாக்கை நானே நம்பிவிட்டேன். அந்த ‘ம்’முக்கு என்ன அர்த்தம், அத்தான்? என் முகத்திலேயே கண்டுபிடித்துவிட்டீர்களா?

கனி ஜெயித்துவிட்டாள். கழுத்தில் விழுந்த முதல் மாலையைக் கொண்டுவந்து உங்கள் படத்துக்குப் போட்டாள். அக்கா அன்றுதான் வாய்விட்டு அழுதாள். இப்போது விடிந்ததும் வாசலில் குழாய்த் தண்ணீருக்கும் ரேஷன் கார்டுக்கும் மனுவோடு ஆட்கள். அக்கா சாயா போட்டே அலுத்துப்போகிறாள்.

இனி எந்தத் தேர்தல் வந்தாலும், மனதில் பட்டதை நம் பெஞ்சில் உரக்கச் சொல்வேன். தப்பாகப் போனால் கடை சிரித்துவிட்டுப் போகட்டும்.

அன்று உங்கள் கட்டிலருகே பல்லுக்குப் பின்னால் நிறுத்தி வைத்தது இதுதான்: “பிள்ள ஜெயிச்சிருவா, அத்தான். நிம்மதியாப் படுங்க.”

உங்கள் மச்சினன்,
கனியின் மாமன்
ஆறுமுகம்