கெட்டிலுக்கு எதிர் வீடு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், என் வயிற்றெரிச்சல் எங்கள் இருவரையும்விடச் சுகம். நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். விடுமுறைக்கு வருகிறோம் என்ற வரியைப் படித்து, அடுப்பில் பால் இருப்பதையும் மறந்து துள்ளினேன், அடுத்த வரியில் சித்தியின் கெட்டிலில் தங்கப்போகிறோம் என்று எழுதியிருந்தாய், பாலோடு சேர்ந்து நானும் பொங்கிவிட்டேன். பிறந்த வீடு ரோட்டுக்கு இந்தப் பக்கம் குத்துக்கல்லாட்டம் இருக்க, ஏரிக்குள் நிற்கிற இரும்புக் கெட்டிலில் வாடகைக்குப் படுப்பதா?

அதன் வரலாற்றைச் சித்தி இப்போது பலகையில் எழுதி வாசலில் மாட்டியிருக்கிறாள். 'என் கனவில் வந்த கெட்டில்' என்று ஆரம்பிக்கிறது. கனவாவது கினவாவது! உனக்கு அப்போது பால்பல்கூட விழவில்லை, அதனால் சொல்கிறேன். உன் சித்தப்பா ஒரு பழைய தண்ணீர்த் தொட்டியை ஏலத்தில் எடுத்தார், தன் வெல்டிங் பட்டறை வாசலில் இறக்கிய பிறகுதான் அது கேட்டுக்குள் நுழையாது என்று தெரிந்தது. அளந்து பார்க்கிற வழக்கம் அந்தக் குடும்பத்துக்கே கிடையாது, உன் அப்பா எனக்கு வாங்கித் தந்த செருப்புகளே சாட்சி. "ரோட்டுல வைக்கக் கூடாது" என்று அதிகாரி வந்து சத்தம் போட்டதும், சரி என்று ஏரிக்குள் தூண் நட்டு அதன்மேல் ஏற்றிவிட்டார். சும்மா நிற்கிறதே என்று டீக்கடை போட்டு, புகை போக வளைந்த குழாய் ஒன்றைப் பக்கத்தில் ஒட்டினார். அதை நம் முன்னறை ஜன்னலிலிருந்து பார்த்துச் சிரித்து, "என்ன கொழுந்தனாரே, ஒரு கைப்பிடியும் வெச்சிட்டா கெட்டிலேதான்!" என்று கத்தியது யார்? உன்னைப் பெற்றவள். மறுவாரமே கைப்பிடி வந்தது, மூடி வந்தது, மூடிக்குள் அறை வந்தது, போகிற பஸ்ஸெல்லாம் நிற்க ஆரம்பித்தது. வாய் என்னுடையது, பேர் சித்திக்கு.

முதல் பஸ் நின்ற அன்றைக்குத்தான் அந்த ஜன்னலை மறைத்துப் பீரோவை நிறுத்தினேன். ஈரக்காற்று வருகிறது என்று அப்பாவிடம் சொன்னேன், நம்பினார், அல்லது நம்பியதுபோல் இருந்தார், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை. முன்னறையில் பகலிலும் ஏன் விளக்கு எரிகிறது என்று சின்ன வயதில் கேட்பாயே, இதுதான் காரணம். போன வாரம் சித்தி கடைத்தெருவில் நாலு பேர் முன்னால், "அக்கா, பொண்ணுக்கு மூடி ரூமை ஒதுக்கிட்டேன். உங்க வீட்ல இருந்தா பாவம், பீரோவைத்தானே பாத்துட்டு இருக்கணும்" என்றாள். சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து நேராகப் பீரோவைப் பிடித்துத் தள்ளினேன், என் இடுப்புதான் நகர்ந்தது. பிறகு அப்பாவும் ஒரு கை கொடுத்தார்.

ஜன்னலைத் திறந்தால், சொல்லக் கூடாது, சொல்லிவிடுகிறேன், அழகாகத்தான் இருக்கிறது. சாயங்கால வெயிலில் மூக்கு வழியாகப் புகை விட்டுக்கொண்டு தண்ணீரில் தலைகீழாக இன்னொரு கெட்டில். ஆனால் ஒன்று யோசி, கெட்டிலுக்குள் படுத்தால் கெட்டில் தெரியுமா? அங்கே ஜன்னலைத் திறந்தால் தெரிவது நம் கொடியில் காயும் அப்பாவின் பனியன். முழுக் கெட்டிலும் கைப்பிடியோடு தெரிவது நம் முன்னறையிலிருந்துதான். உன் முடிவு உன் இஷ்டம், நான் வற்புறுத்தவில்லை, மெத்தையை மட்டும் வெயிலில் போட்டுவிட்டேன்.

இருவரும் நீண்ட ஆயுளோடு ஒற்றுமையாக இருங்கள். மறக்காமல் ஒன்று செய், அந்தப் பலகையைப் படிக்கும்போது, கைப்பிடி யார் சொன்ன யோசனை என்று சித்தியிடம் மாப்பிள்ளை காதில் விழும்படி கேள்.

ஜன்னலைத் துடைத்து வைத்திருக்கும்,
உன் அம்மா