தலையில் இல்லாத புண்

என் பத்மாக்கா,

நீ போய் நான்கு மாதம் ஆகிறது. முதலில் வீட்டுச் செய்தி சொல்கிறேன். உன் வீட்டுக்காரர், என் பாவா, இருக்கிறார். காலையில் பள்ளிப்பட்டு பஸ் நிலையம் வரை நடந்துவிட்டு வந்து, பழக்கதோஷத்தில் இரண்டு டம்ளர் காபி போட்டுவிடுகிறாராம். ஒன்றைக் குடித்துவிட்டு இன்னொன்றையும் அவரே குடிக்கிறாராம். உன் மகள் திவ்யா போனில் சொன்னாள். அது அவள் என்னோடு பேசிக்கொண்டிருந்த காலம். இப்போது பேசுவதில்லை.

ஏன் பேசுவதில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். உனக்கு மட்டும் எழுதி, மடித்து, பீரோவில் வைத்திருக்கலாம். ஆனால் உன்னைப் பற்றி நான் சொன்ன பொய்யை ஊரே கேட்டது. இதையும் ஊர் கேட்கட்டும்.

உனக்கு நினைவிருக்கும். எனக்குப் பதினோரு வயதில் மஞ்சள் காமாலை வந்து, கண்ணெல்லாம் மஞ்சளாகி, கஞ்சித் தண்ணீர்கூடத் தங்காமல் கிடந்தேன். அம்மா திருத்தணி மலையைப் பார்த்துக் கைகூப்பி, பிள்ளை பிழைத்தால் அவள் முடியைக் கொடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள். பிழைத்தேன். தை கிருத்திகைக்கு மலைக்குப் போவதென்று முடிவானது. பள்ளி ஆண்டு விழாவும் அதே மாதம் வந்தது. கோலாட்டத்தில் எனக்கு முன்வரிசை. தலைநிறையப் பூ வைத்துப் பின்னல் போட்டு ஆட வேண்டும்.

கிருத்திகை அன்று காலை நான் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். நைனா கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்தார். அம்மா அழுதாள். "சாமி குத்தம் ஆயிடும்டி, வெளிய வாடி" என்று கெஞ்சினாள். அப்போது உன் குரல் கேட்டது.

"அவள வுடும்மா. ஆடணும்னு ஆசையா கீது. நான் குடுக்கறேன். நம்ம வூட்டு முடிதானே, முருகன் இன்னா வேணான்னா சொல்லப் போறாரு?"

நீ அப்போது பத்தாம் வகுப்பு. இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. மலையில், முடி இறக்குமிடத்தில், உன் பின்னலை அறுத்தபோது நான் குரங்குகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னைப் பார்க்கவில்லை. நீதான் என் தோளைத் தட்டி, "எப்டிடி கீறேன்?" என்று சந்தனம் பூசிய தலையைக் காட்டிச் சிரித்தாய்.

திருத்தணியில் மொட்டைத் தலையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பஸ்ஸுக்குப் பத்து பேராவது சந்தனத் தலையோடு இறங்கி ஏறுகிற ஊர். ஆனால் அவர்களெல்லாம் வெளியூர்க்காரர்கள், வந்த வழியே போய்விடுவார்கள். பதினைந்து வயதுப் பெண் மொட்டையோடு வகுப்பில் போய் உட்கார்ந்தால் அதே ஊர் திரும்பிப் பார்க்கும். அது உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்துதான் கொடுத்தாயா?

மறுநாள் சாப்பாட்டு மணியில், குழாயடியில் கௌரி என்னைப் பிடித்துக்கொண்டாள். அவள் என் வகுப்பு, அவள் அக்கா உன் வகுப்பு. "உங்க அக்கா மொட்டையாமே. இன்னாத்துக்குடி?" என்றாள். சுற்றி நாலைந்து பேர். உண்மையைச் சொன்னால், சாமிக்கு நேர்ந்துகொண்டு ஏமாற்றியவள் என்று என்னைக் கோலாட்டத்திலிருந்தே விலக்கிவிடுவார்கள் என்று பயந்தேன். அந்த நிமிடத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அவளுக்கு தலையெல்லாம் புண்ணு. அதான் எடுத்துட்டாங்க."

உன் தலையில் காய்ந்து திட்டுத்திட்டாய் நின்ற சந்தனம் என் பொய்க்குச் சாட்சி சொன்னது. அது மருந்து என்று எல்லோரும் நம்பினார்கள். ஒட்டிக்கொள்ளுமாம் என்று யாரோ சேர்த்துக்கொண்டார்கள். இரண்டே நாளில் உன் பெஞ்சில் நீ மட்டும் உட்கார்ந்திருந்தாய். தண்ணீர்ப் பானையில் உன் கை படக்கூடாது என்றார்கள். நான் கோலாட்டம் ஆடினேன். கைதட்டு வாங்கினேன். நீயும் கடைசி வரிசையில் தலைக்குத் துண்டு சுற்றிக்கொண்டு நின்று கைதட்டினாய்.

நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேண்டுதல் என் தங்கைக்கு, அவள் மாட்டேன் என்றாள், நான் கொடுத்தேன் என்று. சொன்னால் கேலி என் பக்கம் திரும்பும் என்று வாயை மூடிக்கொண்டாய். முதலில் வயிற்று வலி என்றாய், பிறகு தலைவலி என்றாய், பிறகு எதுவும் சொல்லாமலே பள்ளிக்கூடத்தை நிறுத்தினாய். பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வாங்கக்கூடப் போகவில்லை. நன்றாகப் படிக்கிற பெண் ஏன் இப்படிச் செய்கிறாள் என்று நைனாவுக்குப் புரியவே இல்லை. எனக்குப் புரிந்தது. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினேன்.

உன் முடி இரண்டு வருடத்தில் தோளுக்கு வந்துவிட்டது. நான் வளர்ந்தேன், காலேஜ் போனேன், சென்னையில் வேலைக்குப் போனேன். வளர்ந்துவிட்டால் சின்ன வயதில் செய்ததெல்லாம் சின்னதாகிவிடும் என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்று ரயில் ஏறுவேன். மணவூர் தாண்டும்போது வார்த்தையெல்லாம் தயாராக இருக்கும். உன் வாசலில் நீ கோழிக் குழம்பு மணக்க நின்றால், சொல்ல வந்ததைச் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கிவிட்டுத் திரும்புவேன்.

பிறகு உனக்கு நோய் வந்தது. மருந்து ஏற்றி ஏற்றி முடியெல்லாம் கொட்டியது. போன மாசியில் நான் வந்திருந்தபோது, துண்டை அவிழ்த்துத் தேங்காயெண்ணெய் தடவச் சொன்னாய். தடவினேன்.

"சுமதி, தலையில புண்ணு கிண்ணு கீதா பாருடி" என்றாய்.

"இல்லக்கா."

"அன்னிக்கும் இல்லடி."

உன் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைக் கொல்கிறது. எப்போதிருந்து உனக்குத் தெரியும் அக்கா? பெஞ்ச் காலியான அன்றேவா? கோலாட்டத்துக்குக் கைதட்டியபோது தெரிந்துதான் தட்டினாயா? அப்போதாவது உன் காலில் விழுந்திருக்கலாம். காதில் விழாதவள்போல எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், கழுவின கிண்ணத்தையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டு நின்றேன். நாற்பது வயது தாண்டியும் நான் அந்தத் தாழ்ப்பாளைத் திறக்கவில்லை. அதிலிருந்து பன்னிரண்டாம் நாள் நீ போய்விட்டாய்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். உன் கருமாதிக்குக் கௌரி வந்தாள். "பாவம், சின்ன வயசுலியே தலையில வியாதி இருந்துச்சி" என்று எல்லோர் முன்னாலும் சொல்லி மூக்கைச் சிந்தினாள். திவ்யாவைப் பெண் கேட்டிருந்த ஆர்.கே.பேட்டைக்காரர்களும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு வாரம் கழித்து, அது என்ன வியாதி, பெண்ணுக்கும் வருமா என்று பாவாவிடம் ஆள் விட்டுக் கேட்டார்கள். நான் குழாயடியில் சொன்ன ஒரு வரி, இத்தனை வருடம் கழித்து உன் மகளின் கல்யாணத்தில் வந்து நின்றது.

டவுன் பஸ் பிடித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். பையன், அவன் அப்பா, அம்மா, பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். ஒன்றையும் விடாமல் சொன்னேன். பையனின் அம்மா கேட்டு முடித்துவிட்டு, "இப்பனாச்சும் சொன்னீங்களே, அது வரிக்கும் நல்லது. ஆவணியில நிச்சயம் வச்சிக்கலாம்" என்றாள். வாசல் வரை வந்து, செருப்பு மாட்டும்போது மெல்லக் கேட்டாள்: "உங்க அக்கா கைல மன்னிப்பு கேட்டுட்டீங்களா?"

"இல்லீங்க" என்றேன்.

அன்று மாலையே திவ்யாவிடமும் சொன்னேன். அவள் கத்தவில்லை. "எங்கம்மா டென்த் எழுதாததுக்கு நீங்கதான் காரணமா சித்தி?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். எழுந்து உள்ளே போனவள் அதற்குப் பிறகு என் போனை எடுப்பதில்லை. எடுக்க வேண்டாம். அவளுக்கு அந்த உரிமை உண்டு.

வருகிற ஆடிக் கிருத்திகைக்கு மலைக்கு வருகிறேன் அக்கா. பதினோரு வயதில் கொடுக்காத முடியைக் கொடுக்கிறேன். சாமிக்கு அது எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். இது உனக்கு. மறுநாளே துண்டு கட்டாமல், தொப்பி போடாமல் ரயிலேறி ஆபீஸுக்குப் போவேன். என்ன ஆச்சு என்று யாராவது கேட்பார்கள். கேட்கிற ஒவ்வொருவரிடமும் உண்மையைச் சொல்வேன். என் அக்காவுக்குத் தலையில் புண் இருந்ததே இல்லை என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு என்னைப் பற்றிச் சொல்வேன்.

உன் முடியில் பிழைத்த தங்கை,
சுமதி